பல்கனி சோலார் வாங்க வரும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்சக் காலமாக ஜேர்மனியில் இருக்கும் எங்கள் கடையில் பல்பையும் வயரையும் விட அதிகமாக விசாரிக்கப்படுவது பல்கனி சோலார்தான்: பல்கனிக் கம்பியில் மாட்டி, வீட்டுப் பிளக்கில் செருகும் சிறிய சூரிய மின் தகடு. "அண்ணை, பெரிசாப் போட்டால் கரண்ட் பில்லே வராதாமே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். பில் வரும். எவ்வளவு குறையும் என்பதுதான் விஷயம். அது தகட்டின் அளவை விட, பகலில் உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

வெயில் அடிக்கும் நேரத்தில் வரும் கரண்டை அந்த நேரத்திலேயே நீங்கள் பாவித்தால்தான் உங்களுக்கு லாபம். மிச்சம் வெளியே ஊர் மின்வலைக்குப் போய்விடும், அதற்குப் பெரும்பாலும் ஒரு சதமும் கிடைக்காது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பின் வீட்டில் ஓடுவது பிரிட்ஜ், மீன் வைக்கிற பிரீசர், இணையப் பெட்டி, அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்தால் நூறு, நூற்றைம்பது வாட். அங்கே 800 வாட் வந்தாலும் பெரும் பங்கு தெருவுக்குத்தான்.

தெற்குப் பார்த்த, நிழல் விழாத பல்கனியில் இரண்டு தகடு போட்டால் எங்கள் பகுதியில் வருடத்துக்கு 500 முதல் 700 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். அதில் பாதியை வீட்டில் பாவித்தால், யூனிட் 35 சதம் என்று பிடித்து, வருடத்துக்கு 90 முதல் 120 யூரோ மிச்சம். மூன்று நான்கு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும், தகடு அதற்குப் பிறகும் பல வருடம் உழைக்கும். நல்ல முதலீடுதான், ஆனால் பில்லை இல்லாமல் செய்யும் மந்திரம் இல்லை.

அதனால் வாங்க முன் உங்கள் மீற்றரைப் பாருங்கள். வேலைக்குப் போகும்போது ஒரு படம், வந்ததும் ஒரு படம். இடையில் ஓடிய யூனிட்டை மணித்தியாலத்தால் பிரித்து ஆயிரத்தால் பெருக்கினால், பகலில் சராசரியாக எத்தனை வாட் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். புது டிஜிட்டல் மீற்றர் என்றால் அந்த நேரத்து வாட்டையே காட்டும். அதற்கு மீற்றர் கம்பனியிடம் இரகசிய இலக்கம் (PIN) கேட்டு வாங்கி, டோர்ச் லைற்றை மீற்றரில் அடித்து அடித்து அதைப் பதிய வேண்டும். இந்த நாட்டில் இப்படியும் ஒரு ஏற்பாடு!

போட்ட பிறகு சில பழக்கங்களை மாற்றினால் இன்னும் லாபம். சோற்றுக் குக்கர் 700 வாட் அளவில் இருப்பதால் மதிய வெயிலுக்கு நன்றாகப் பொருந்தும். உடுப்புத் தோய்க்கும் மெசினை இரவில் விடாமல் நேரம் குறித்துப் பகலில் ஓடவிடுங்கள். மின் அடுப்பு 2000 வாட் இழுக்கும், அதற்குத் தகடு ஒரு பங்குதான் கொடுக்கும்.

சட்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2024 மே மாதத்தில் ஜேர்மனி விதிகளை இலகுவாக்கியது: இன்வேர்ட்டர் (தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) 800 வாட் வரை, தகடுகள் மொத்தம் 2000 வாட் வரை, பதிவு ஒரே இடத்தில், இணையத்தில். பழைய சுழலும் மீற்றரையும் மாற்றும் வரை வைத்திருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதே வருடம் ஒக்டோபரில் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது: தகுந்த காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. ஆனால் அவரைக் கேட்காமலே தொங்கவிடலாம் என்று அர்த்தம் இல்லை. 2023 தொடக்கம் இதற்கு விற்பனை வரி பூச்சியம், எங்கே வாங்கினாலும் பில்லில் அதைப் பாருங்கள்.

சுவிசில் இருக்கும் தங்கச்சிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே எல்லை 600 வாட். பெல்ஜியத்தில் 2025 ஏப்ரலில்தான் அனுமதியே வந்தது. எந்த நாட்டில் மாட்டுகிறீர்களோ அந்த நாட்டு விதிதான்.

அப்புறம், வெளியே கரண்ட் நின்றால் இதுவும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஊரில் கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

வடக்குப் பார்த்த பல்கனிக்கு நாங்கள் விற்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கூரைதான் வழி. 2024இல் இருந்து, ஒரே கட்டடத்தில் இருக்கும் வீடுகள் கூரைத் தகட்டுக் கரண்டைத் தங்களுக்குள் பங்கிட முன்பை விட இலகுவான ஒரு முறை இருக்கிறது. சொந்தமாக வீடு வாங்கி மேல் மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதை அவசியம் யோசியுங்கள். கூட்டாகச் செய்வது ஐரோப்பாவில் புதிது இல்லை. டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் 2000ஆம் ஆண்டில் நட்ட 11 காற்றாலைகள் அந்த ஊர் விவசாயிகளுடையதும் பங்கு போட்ட ஊரவர்களுடையதும்தான். தென் ஜேர்மனியின் கறுப்புக்காட்டில் ஷோனாவ் என்ற சிற்றூரில், 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு கூடிய பெற்றோர் ஊரில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளில் வென்று, 1997இல் ஊரின் மின்வலையையே வாங்கிவிட்டார்கள். பத்து வீட்டை நம்பிச் சீட்டுப் பிடிக்கிற எங்கள் ஆட்கள் ஒரு கூரைக்குக் கூடத் தயங்குவது எங்களுக்கு விளங்கவில்லை.

கடைக்கு வரும்போது பல்கனிக் கம்பியின் படம், மதிய நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று காட்டும் படம், மீற்றர்ப் படங்கள், கடைசி வருடக் கரண்ட் பில் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஒரு தகடு இருபது கிலோ அளவு பாரம், காற்றும் இழுக்கும். பழைய கட்டடம் என்றால் கம்பியை நேரில் வந்து பார்த்த பின்தான் தருவோம். சனிக்கிழமை கூட்டமாக இருக்கும், கணக்குப் பார்த்துப் பேச வேண்டுமானால் வார நாளில் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மின்சாமான் கடையினர்