நாசரேத்திலிருந்து அம்மா

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சுகம். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உனக்குச் சம்பளம் கூடியதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோவிலில் ரெண்டு பேரிடம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கொஞ்ச நாளாக, போனில் குடும்ப ஜெபம் பண்ணும்போது உன் முறை வந்தால் “நீங்களே ஜெபிங்கம்மா” என்கிறாய். கோவிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஏனென்று உன்னையும் கேட்கப்போவதில்லை. ஆனால் திடப்படுத்தல் வகுப்பில் தாவீது பாவமன்னிப்புக் கேட்ட 51ஆம் சங்கீதத்தை நிறுத்தாமல் ஒப்பித்துச் சபை ஐயரையே அசரவைத்தவன் நீ. அதை மறக்க முடியவில்லை.

அத்தை யாரோ ஒரு ஊழியக்காரரிடம் உன்னைக் கூட்டிப்போகச் சொல்கிறாள். தலையில் கைவைத்துப் பிசாசைத் துரத்தினால் சரியாகிவிடுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிசாசின் போராட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்று வெளிப்படுத்தல் 12ல்தான் இருக்கிறதே. ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னை எழுப்பி உட்காரவைத்துப் பழசையெல்லாம் வாசித்துக் காட்டுகிறவனைக் கத்தித் துரத்த வேண்டியதில்லை.

சகரியா 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். சாத்தான் அவன் வலதுபக்கத்தில் நிற்கிறான். சாத்தான் சொல்வதில் பொய்கூட இருக்காது, வஸ்திரம் அழுக்குத்தானே! யோசுவா வாயே திறப்பதில்லை. கர்த்தர்தான் பதில் சொல்கிறார்: இவன் அக்கினியிலிருந்து தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா என்று. வஸ்திரத்தைக் கழற்றச் சொல்வது அதற்கு அப்புறம்தான். அழுக்கோடு நிற்கும்போதே அவன் பக்கம் பேசியாயிற்று. நீ சுத்தமாகிவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

தப்பே செய்யவில்லை என்று உன்னை ஏமாற்ற நான் எழுதவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் வந்தபோது ஒரு கதையைச் சொல்லிவிட்டு, “நீயே அந்த மனுஷன்” என்று ஒரு காரியத்தைக் குறித்துச் சொன்னான். பாவஞ்செய்தேன் என்று தாவீது சொன்னவுடனே, கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்றும் சொன்னான். ஆவியானவர் கண்டித்தால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அறிக்கை செய்த பிறகும் அதையே கிளறி, நீயே வேண்டாதவன் என்று சொல்கிற சத்தம் கர்த்தருடையது இல்லை. மோட்சப் பிரயாணம் கதையில் கிறிஸ்தியான் மரண இருளின் பள்ளத்தாக்கில் நடக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் தேவதூஷணத்தை முணுமுணுப்பானே, அதைத் தன் மனசிலிருந்தே வருகிறது என்று அவன் நம்பிவிடுவான். அந்தக் கதையை எழுதின ஜான் பனியனுக்கும் அந்தச் சத்தம் பழக்கம்தான். உனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதே.

சாப்பிடு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் அடையும் தண்ணீரும் கொண்டுவந்தான். தின்றுவிட்டு மறுபடியும் தூங்கினான். உனக்குத் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார், அது அவிசுவாசம் இல்லை. நான் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டுதானே ஜெபிக்கிறேன்? வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆனாலும் போனை வைப்பதற்கு உனக்கு என்ன அவ்வளவு அவசரம்? பெத்தவளுக்குக் கோபம் வராதா?

அந்தத் தோட்ட விஷயத்தில் நீ பேசினதை அப்பா என்னிடம் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் “தம்பிக்கு லீவு கிடைச்சிருக்காது” என்றுதான் சொன்னார்கள். அது ஒரு மனத்தாங்கலாகவே அப்பாவுக்கு இருந்ததில்லை. நான் பக்கத்தில் இருந்தவள், எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை, விடு.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் பெருமூச்சு விடு, போதும். ரோமர் 8ல் அதற்கும் இடம் இருக்கிறது.

கோவில் அசன விருந்துக்கு உன் பேரில் ஒரு மூட்டை அரிசி எழுதியாயிற்று. செந்தூர் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடு, அப்புறம் கிடைக்காது. திருவிருந்துக்கு வா என்று கட்டாயப்படுத்த மாட்டேன். பந்திக்கு வா.

அக்கா சொன்னதை எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லாதே.

அம்மா