அந்த 2ஐ 1 ஆக்குங்கள்

மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளியின் பெயருக்கு நேரே, சென்ற மாத ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தாப் பட்டியலில் வேலை நாள் 0, காரணக் குறியீடு 2 என்று ஏற்றியிருக்கிறீர்கள். 2 என்றால் வேலையை விட்டுப் போனவர். விடுப்பில் இருப்பவருக்கு 1. அவருடைய மருத்துவச் சான்றுகள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. தயவுசெய்து அந்த 2ஐ 1 ஆக்குங்கள்.

ஒரு எண்தானே என்று தோன்றலாம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். ஈஎஸ்ஐயின் சாதாரண நோய்க்கால உதவியோ 91 நாளோடு நின்றுவிடும். நாள் சராசரிக் கூலி 600 ரூபாய் என்றால் கைக்கு வருவது 420, அதுவும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மாத்திரை பாதியில் இருக்கும்போதே பணம் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகுதான் 80 விழுக்காட்டில் நீட்டிப்பு உதவி, நாளுக்கு 480. அதற்கு 2 ஆண்டுப் பணியும், கடைசி 4 சந்தாக் காலங்களில் (ஒன்று 6 மாதம்) 156 நாள் சந்தாவும் கணக்கில் இருக்க வேண்டும்.

குறியீடு 2 விழுந்தவரின் பெயர் அடுத்த பட்டியலில் வராது. குணமாகித் திரும்பினால் பழைய காப்பீட்டு எண்ணிலேயே சேர்க்க வேண்டும். அவசரத்தில் புது எண் போட்டுவிடுவதுதான் எங்கும் நடப்பது. பழைய சந்தா ஓர் எண்ணில், புதியது இன்னோர் எண்ணில். நோய் திரும்பினால், இரண்டையும் சேர்க்கும்வரை இருமலோடு கிளை அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

சம்பளமில்லாத மாதத்துக்கு உங்கள் பங்கான 3.25 விழுக்காடும் பூஜ்யமே. 1 போடுவதால் ஒரு பைசா செலவில்லை. பிறகு எதற்கு 2? கூடவே ராஜினாமாக் கடிதம் வேறு கேட்டிருக்கிறீர்கள். நோய்க்கால உதவி வாங்குபவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, அப்போது கொடுக்கும் நீக்க அறிவிப்பே செல்லாது என்று 1948ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். நீக்கினால்தானே வம்பு, அவராகவே போய்விட்டால் நல்லது, அப்படித்தானே? வாசலில் ‘ஊழியர் நலமே எங்கள் நலம்’ என்ற பலகையை மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா கேட்பதை நிறுத்துங்கள். பதிவு தவறு என்று கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பழைய எண்ணிலேயே அவரைச் சேர்த்து, வேலை நாள் 0, குறியீடு 1 என்று போடுங்கள். இந்த மாதம் ஏற்றும் பட்டியலுக்கு 15ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தொழிற்சங்க நிர்வாகிகள்