சைக்கிள் மோட்டார் கிட் விக்கிறவங்களுக்கு லேத் பட்டறையில இருந்து ஒரு திறந்த மடல்

சைக்கிள்ல மாட்ற மோட்டார் கிட் விக்கிற அண்ணன் தம்பிங்களுக்கு வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு பட்டறை வெச்சிருக்கேன். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான் சொத்து. பம்ப்செட் ஷாஃப்ட், புஷ், கிரைண்டர் ஸ்பேர்னு ஓடிட்டு இருந்த இடத்துக்கு இப்ப கொஞ்ச காலமா உங்க கஸ்டமருங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. கையில உங்க டப்பா, தோள்ல சைக்கிள் சக்கரம், போன்ல ஏதோ ஒரு வீடியோவுல நிறுத்தி எடுத்த போட்டோ, "அண்ணா இந்த மாதிரி ஒரு பீஸ் வேணும், கிட் விக்கிறவரு பக்கத்துல ஏதாச்சும் லேத்துல குடுத்து பண்ணிக்கச் சொன்னாரு"ன்னு வந்து நிக்கிறாங்க. வேலை வருதுன்னு எனக்கு சந்தோஷம்தான், அதை மறைக்கல. ஆனா நீங்க அனுப்பி விடுற விதத்துல ஒரு கோளாறு இருக்கு, அதைத்தான் எழுதறேன்.

நேரா கேட்டுடறேன். டப்பாவுக்குள்ள ஒரு அளவு டிராயிங் போடுங்க, ஹப் மோட்டார்னா, அதாவது சக்கரத்து நடுவுலயே உக்கார்ற மோட்டார்னா, டார்க் ஆர்மையும் அதே டப்பாவுல போட்டு வில்லுங்க. மோட்டாருக்கு வாரண்டி, கன்ட்ரோலருக்கு வாரண்டி, சார்ஜருக்கு வாரண்டி எல்லாம் குடுக்கறீங்க, ஆனா அந்த மோட்டார் சைக்கிளோட எந்த இடத்துல பிடிச்சு நிக்கணுமோ அந்த இடத்தை மட்டும் கஸ்டமர் தலையில கட்டிடறீங்க.

டார்க் ஆர்ம்னா என்னன்னு உங்கள்ல பாதிப்பேருக்கு தெரியும், தெரியாத பாதிக்காக சொல்றேன். சாதா சக்கரத்துல ஆக்ஸில் சும்மா நிக்கும், அது மேல முறுக்கே வராது. ஹப் மோட்டார்ல ஆக்ஸில்தான் மோட்டாரோட நிக்கிற பாகம், சக்கரம் முன்னாடி சுத்தினா ஆக்ஸில் பின்னாடி சுத்தப் பார்க்கும். அதை நிறுத்தி வைக்கிறது ஃபோர்க்குல ஆக்ஸில் உக்கார்ற அந்த சின்ன வாய் மட்டும்தான். 12 மி.மீ. ஆக்ஸில், ரெண்டு பக்கமும் 10 மி.மீ.க்கு தட்டையா சீவியிருக்கும். சின்ன மோட்டாரே மேடு ஏறறப்ப 40 நியூட்டன் மீட்டர் குடுக்குதுன்னு வைங்க, அதாவது ஒரு மீட்டர் கம்பி நுனியில 4 கிலோ தொங்கவிட்ட முறுக்கு. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா அந்த தட்டைப் பகுதியோட மூலைக்கு மூலை தூரம் வெறும் 6.6 மி.மீ.தான், அந்த தூரத்துல இந்த முறுக்கை தாங்கணும்னா 600 கிலோவுக்கு மேல தள்ளுது. ரெண்டு பக்க ஃபோர்க்கும் சமமா பங்கு போட்டுக்கிட்டாலே பக்கத்துக்கு 300 கிலோ, அதுவும் ஒரு மூலை அளவு இரும்பு மேல. நட்டோட இறுக்கம் கொஞ்சம் தாங்கும், ஒத்துக்கறேன், ஆனா நட்டு ஒரு தடவை லூசாச்சுன்னா அப்புறம் கணக்கு இதுதான். அதே முறுக்கை 100 மி.மீ. நீளத்துல ஒரு கை வெச்சு ஃபோர்க் தண்டுல கட்டிட்டா 40 கிலோவா இறங்கிடுது. இவ்வளவுதாங்க டார்க் ஆர்ம். 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) தகடு, ஒரு ஸ்லாட், ஒரு கிளாம்ப்.

இதை நீங்க போடாம விடுறதால என்ன நடக்குதுன்னு ஒரு ஃபோர்க்கை வெச்சு சொல்றேன், ஏன்னா பேச்சுல சொன்னா யாரும் நம்பறதில்ல. நம்ம ஊர் பழைய கம்பி பிரேக் சைக்கிள்ல முன் ஆக்ஸில் ரெண்டரை நூல், பின் ஆக்ஸில் மூணு நூல். ரெண்டரை நூல்னா 8 மி.மீ. கூட முழுசா இல்ல. அதுல உங்க 10 மி.மீ. தட்டை எப்படிங்க இறங்கும்? இறங்காது, அதனால ஒரு தம்பி ஆங்கிள் கிரைண்டர் வெச்சு வாயை அறுத்து தொறந்துட்டாப்ல. கிரைண்டர் வீல் போற போக்குல ஒரு பக்கம் 10.4, இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட 11, மேல வளைவு இருக்க வேண்டிய இடத்துல ஒரு மூலை. என்கிட்ட வந்தப்ப அந்த வாயோட ரெண்டு உதடும் கரண்டி மாதிரி வெளிய விரிஞ்சு கெடந்துச்சு, ஆக்ஸில் முழு சுத்து சுத்தி, ஆக்ஸில் ஓட்டை வழியா வர்ற மோட்டார் வயர் எல்லாம் முறுக்கி அறுந்து, ஆக்ஸில் மரையில பாதி ஃபோர்க் மேல ஒட்டியிருந்துச்சு. நல்லவேளை வீட்டு வாசல்லயே நடந்திருக்கு. பழைய சைக்கிள் ஃபோர்க் இரும்பு, அதனால விரிஞ்சு காட்டிக் குடுத்துச்சு. இப்ப வர்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் நிறையத்துல கீழ இருக்கறது வார்ப்பு அலுமினியம், அது விரியாது, சொல்லாம கொள்ளாம படக்குன்னு ஒடையும். முன் சக்கரம் கழண்டு போனா என்ன ஆகும்னு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்ல. டார்க் ஆர்ம் இல்லாம அலுமினிய ஃபோர்க்குக்கு முன் ஹப் மோட்டார் விக்கவே கூடாதுங்கறது என் கட்சி. டார்க் ஆர்ம் இருந்தாலும் விக்காதீங்கன்னு கூட சொல்லுவேன், பின்னாடி மாட்டச் சொல்லுங்க.

சரி, பின்னாடி மாட்றதுன்னா பின் ஹப் மோட்டார் பெரும்பாலும் 135 மி.மீ. அகலத்துக்கு வருது, கியர் சைக்கிளுக்கு சரி, நம்ம பழைய சைக்கிள் ஃப்ரேம் அவ்வளவு அகலம் கிடையாது. ஜாக்கி வெச்சு விரிக்கறாங்க. "எல்லா சைக்கிளுக்கும் ஃபிட் ஆகும்"னு டப்பா மேல போடறதுக்கு முன்னாடி இந்த ஒரு நம்பரையாவது பக்கத்துல போட்டா என்னங்க குறைஞ்சுடும்?

அடுத்தது இடதுபக்க செயின் கிட். இதுலதான் எனக்கு அதிக வேலை, அதிக தலைவலியும். 24 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார், 9 பல் ஸ்ப்ராக்கெட், அதை ஃப்ரேம்ல தொங்கவிட்டு பின் சக்கரத்தோட இடதுபக்கம் ஒரு ஃப்ரீவீல்ல செயின் போடணும். சக்கரத்துல இடதுபக்கம் மரையே இருக்காது, டிஸ்க் பிரேக் ஹப்பா இருந்தா 44 மி.மீ. வட்டத்துல 6 ஓட்டை இருக்கும், அதுல உக்கார்ற மாதிரி ஒரு அடாப்டர் கடைஞ்சு அது மேல ஃப்ரீவீல் மரை போடணும். இதுவரைக்கும் யார் வேணா பண்ணலாம். மரையிலதான் விஷயமே இருக்கு.

வலதுபக்க ஃப்ரீவீல் ரைட் மரை, மிதிக்க மிதிக்க இறுகும். அதே ஃப்ரீவீலை இடதுபக்கம் அப்படியே மாட்டினா மோட்டார் சுத்தும், சக்கரம் நகராது, ஏன்னா உள்ள இருக்கற ராட்செட், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கற பல்லு, எதிர்ப்பக்கம் பிடிக்குது. சரின்னு திருப்பி மாட்டினா ராட்செட் பிடிக்கும், ஆனா மரை ரைட் மரையாவே இருக்கறதால மோட்டார் இழுக்க இழுக்க ஃப்ரீவீல் கழண்டுக்கிட்டே வரும். உடனே எல்லாரும் என்ன பண்றாங்க, வெல்டு வெச்சுடறாங்க. உள்ள இருக்கறது ஹார்டன் பண்ண வளையம், குட்டி குட்டி ஸ்பிரிங்கு, கிரீஸு, அது மேல வெல்டிங் சூடு ஏத்தினா அப்புறம் அது ஃப்ரீவீல் இல்ல, வெறும் இரும்புதான். இதுக்குன்னே லெஃப்ட் மரை போட்ட இடதுபக்க ஃப்ரீவீல் பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கு உலகத்துல வித்துட்டுதான் இருக்காங்க. அதை நீங்க வரவழைச்சு கிட்டோட குடுத்தா அடாப்டர்ல லெஃப்ட் மரை போட்டுத் தர நான் ரெடி, என்னை மாதிரி ஊர்ல எத்தனையோ பேர் ரெடி.

ஆனா என்ன மரைன்னு சொல்லணுமில்ல? அது இஞ்சு மரை, 1.37 இஞ்சு விட்டம், இஞ்சுக்கு 24 மரை, பிட்ச் (மரைக்கு மரை தூரம்) கணக்குல 1.058 மி.மீ. உங்க ஆளு போன்ல "ஒன் எம்எம் பிட்ச்சுங்கண்ணா"ன்னு சொல்லி அனுப்பினாப்ல. 1 மி.மீ. மரை போட்டா ஃப்ரீவீல் ரெண்டு மூணு சுத்து நல்லா ஏறும், ஏறுதேன்னு சந்தோஷப்பட்டு பலமா திருப்பினா அப்படியே கடிச்சுக்கும், 10 மி.மீ. நீளத்துக்குள்ள பாதி மரைக்கு மேல தள்ளிப் போயிடுது கணக்கு. அலுமினிய அடாப்டரா இருந்தா மரை மழுங்கி முழுசும் வேஸ்ட். மரை வெட்ட டூலை நகர்த்தற லீட் ஸ்குரூ இஞ்சு கணக்குல இருக்கற பழைய லேத்துல 24 மரை தானா விழும், மெட்ரிக் லேத்துல துல்லியமா வேணும்னா 127 பல் சேஞ்ச் கியர் மாட்டணும், அது எல்லா பட்டறையிலயும் இருக்காது. இந்த ஒரு வரி டிராயிங்ல இருந்தா கஸ்டமர் சரியான பட்டறைக்கு போவாரு. இல்லாட்டி மூணு பட்டறை சுத்தி மூணு பேர்கிட்டயும் "சார், உங்க கிட் சரியில்ல"ன்னு கேட்டுட்டு உங்களுக்கு ஒத்தை ஸ்டார் போடுவாரு, நியாயம்தானே.

அதோட ஒண்ணு, டிஸ்க் இருந்த இடத்துல ஸ்ப்ராக்கெட் போட்டா பின் டிஸ்க் பிரேக் போச்சு. மோட்டார் சேர்த்ததும் பேட்டரி வெயிட்டும் ஏறுது, வேகமும் ஏறுது, பிரேக் மட்டும் ஒண்ணு குறையுது. இதை யாராச்சும் கஸ்டமர்கிட்ட வாயைத் தொறந்து சொல்றீங்களா? நான் சொல்றேன், "அண்ணா பயமுறுத்தாதீங்க"ன்னு சிரிக்கறாங்க.

பெட்ரோல் கிட் விக்கிறவங்களும் இதை படிப்பீங்கன்னு நினைக்கறேன். டேங்க்குல 80 சிசின்னு ஸ்டிக்கர் ஒட்டி வருதே, 47 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 38 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓட்டம்) கணக்கு போட்டா 66தான் வருது. அது கெடக்கட்டும். பின் ஸ்ப்ராக்கெட்டை ஸ்போக்குக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் வெச்சு 9 போல்ட்டுல நெரிச்சு மாட்டச் சொல்றீங்க பாருங்க, அதை நான் பண்ண மாட்டேன். ஸ்போக் இழுக்கறதுக்கு செஞ்ச கம்பி, பக்கவாட்டுல நெரிக்கறதுக்கு இல்ல. ஹப்பையே கவ்வுற அடாப்டர் கடைஞ்சு போடலாம், அது வேற வேலை. ஆனா அதுக்கும் முன்னாடி சட்டம் இருக்கு. மோட்டார் வாகன சட்டத்துல 25 சிசிக்கு மேல போனா அது சைக்கிள் இல்ல, மோட்டார் வண்டி, பதிவு வேணும், லைசென்ஸ் வேணும். அதனால அந்த வேலை வந்தா திருப்பி அனுப்பிடறேன். 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்துச்சு, அதுவும் சின்ன இன்ஜின்தான், ஆனா ஃப்ரேம், ஹப், பிரேக், இன்ஜின் எல்லாத்தையும் ஒண்ணா யோசிச்சு செஞ்சாங்க. மிதிக்கறதுக்குன்னு செஞ்ச ஃப்ரேம்ல ஒரு இன்ஜினை கட்டிவிட்டு அதையும் இதையும் ஒண்ணாப் பேசக் கூடாது.

கரண்ட் கிட்டுக்கும் எல்லை இருக்கு, 250 வாட்டுக்குள்ள, 25 கி.மீ. வேகத்துக்குள்ள, அதுவும் டெஸ்டிங் ஏஜென்சி சரின்னு சொல்லியிருந்தாத்தான் மோட்டார் வண்டி இல்லைன்னு கணக்கு. 26 இஞ்சு சக்கரம் நிமிஷத்துக்கு 200 சுத்து சுத்தினா அந்த 25 வந்துடும். அதுக்கு மேல போறதுக்கு "அண்ணா, மோட்டார் பக்கம் பெரிய ஸ்ப்ராக்கெட் கடைஞ்சு குடுங்க, 45 வரணும்"னு கேக்கறாங்க, 45 வரும்னு அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டா உங்க பேரைத்தான் சொல்றாங்க.

செலவு ஜாஸ்தின்னு சொல்லுவீங்க, தெரியும். என்கிட்ட ஒத்தை டார்க் ஆர்ம் கேட்டா விலை அதிகம்தான், ஏன்னா பீஸ் செய்யற நேரத்தை விட செட்டிங் நேரம் ஜாஸ்தி, ஆக்ஸிலை வெர்னியர்ல அளக்கணும், ஸ்லாட்டை 10க்கு மேல அஞ்சு பாயிண்டுக்குள்ள நிறுத்தணும், அதாவது 10.05 தாண்டக் கூடாது, கொஞ்சம் லூஸ் விட்டாலும் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் டக்கு டக்குன்னு அடிச்சு தானே பெருசாயிடும். ஆனா உங்களுக்கு ஒரே ஆக்ஸில், ஒரே அளவு, லாட்டா வருது. ஒரு தகடு முழுக்க லேசர் கட்டிங் குடுத்தா, ஸ்லாட்டை மட்டும் கொஞ்சம் இழுத்து ஃபினிஷ் பண்ணிக்கிட்டா, பீஸ் விலை நீங்க போட்டுக் குடுக்கற எல்.இ.டி. லைட், ஹாரன் செட்டு பக்கத்துலதான் வந்து நிக்கும். சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் போய் விசாரிச்சுப் பாருங்க. எம்.எஸ்.லயே (சாதா இரும்புலயே) போட்டு ஜிங்க் பிளேட்டிங் பண்ணாலும் ஓடும், அலுமினியத்துல மட்டும் டார்க் ஆர்ம் வேண்டாம், பளபளன்னு இருக்குன்னு அதுல போடறாங்க சில பேர், ஸ்லாட் மூலை நசுங்கிடும்.

டிராயிங்னா நான் பெருசா ஒண்ணும் கேக்கல, ஏ4 தாள்ல ஒரு பக்கம். ஆக்ஸில் விட்டம், தட்டை அளவு, மரை, ரெண்டு நட்டுக்கு நடுவுல அகலம், வயர் எந்தப் பக்கம் வெளிய வருது, செயின் கிட்னா செயின் பிட்ச் (கண்ணிக்கு கண்ணி தூரம்) என்ன, ஏன்னா கால் இஞ்சு செயின் ஸ்ப்ராக்கெட் போட்ட மோட்டாரை குடுத்துட்டு சைக்கிள் செயின் மாட்டச் சொன்ன கதையெல்லாம் இருக்கு, சைக்கிள் செயின் அரை இஞ்சு. உங்க சப்ளையர்கிட்ட டிராயிங் இல்லைன்னா மோட்டாரை என் பட்டறைக்கு குடுத்தனுப்புங்க, ஓய்வா இருக்கற ஒரு ஞாயித்துக்கிழமை நானே அளந்து பென்சில்ல போட்டுத் தர்றேன், அதுக்கு காசு வேண்டாம். வாட்ஸ்அப்ல போட்டோ மட்டும் அனுப்பாதீங்க, போட்டோவுல மைக்ரான் தெரியாது.