ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே ஒரு படி: அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மைய அரசின் ஆய்வு நிறுவன இயக்குநர்கள், நூலகப் பொறுப்பாளர்கள், கணினிப் பிரிவுத் தலைவர்கள்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். மடலுக்குள் போகுமுன் ஒரு சிறு சோதனை. அலுவலக வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்த டேட்டாவில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறங்கள். உங்கள் நிறுவனத்திலிருந்து ஈராண்டுக்கு முன் வெளிவந்த ஏதாவதொரு கட்டுரையின் தலைப்பை இடுங்கள். உங்கள் களஞ்சியத்தின், அதாவது நிறுவனக் கட்டுரைகளை எல்லாரும் படிக்க வைக்கும் தளத்தின், பி.டி.எஃப். இணைப்பு வந்தால் மகிழ்ச்சி, இந்த மடலில் பாதி உங்களுக்கு அல்ல. பதிப்பாளரின் பக்கம் திறந்து டாலரில் காசு கேட்டால் மேலே படியுங்கள்.

கொள்கைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் (சி.எஸ்.ஐ.ஆர்.) தன் ஆய்வகங்கள் களஞ்சியம் வைக்க வேண்டும் என்று 2009-லேயே சொல்லிவிட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.ஏ.ஆர்.) 2013-இல் திறந்த அணுக்கக் கொள்கையை, அதாவது ஆய்வை எவரும் காசின்றிப் படிக்க விடும் கொள்கையை, வெளியிட்டது. உயிர்த்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பரில் கொண்டுவந்த கொள்கை, பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுக் கட்டுரையின், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் படியைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறது. படியைப் பொதுவில் திறக்காமல் வைத்திருக்கும் தடைக்காலம் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதற்கெல்லாம் முன்பே, 2002-இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஈபிரிண்ட்ஸ் மென்பொருளில் நாட்டின் முதல் நிறுவனக் களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது. ஆனால் பல நிறுவனங்களில் களஞ்சியம் என்பது யாரோ ஒருவர் ஆர்வத்தில் நிறுவி, அவர் மாற்றலாகிப் போன நாளில் உறைந்துபோன ஒரு வலைத்தளம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனிக் களஞ்சியம் எதற்கு என்ற பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த அந்தத் திட்டம் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் தருகிறது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். நல்லதுதான், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது படிப்பதற்கான வாடகை. நாகப்பட்டினத்து இறால் பண்ணையாளர், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் வேதியியலர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி, செய்தியாளர் என எவருக்கும் அந்த வாசல் திறக்காது. சந்தா புதுப்பிக்கப்படாத நாளில் உங்களுக்கும் திறக்காது. உங்கள் ஆய்வகம் எழுதிய கட்டுரையின் ஒரு படியை உங்கள் சர்வரில் வைப்பது இதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. அதற்கு ஆகும் இடமும் அற்பம்: கட்டுரைக்குச் சராசரி 2 எம்.பி. என்று வைத்தால் 10,000 கட்டுரைக்கு 20 ஜி.பி. பெட்டிக்கடையில் விற்கும் பென் டிரைவ் போதும்.

எந்தப் படியைச் சேர்ப்பது என்பதில்தான் முதல் சிக்கல். ஒரு கட்டுரைக்கு மூன்று படிகள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது ஒன்று. சக மதிப்பாய்வு முடிந்து திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்டது இரண்டாவது. பதிப்பாளர் அச்சுக்கோத்து, சின்னம் போட்டு வெளியிட்டது மூன்றாவது. பெரும்பாலான சந்தா இதழ்கள் களஞ்சியத்துக்கு அனுமதிப்பது இரண்டாவதைத்தான். நூலகர் ஆண்டு இறுதியில் "உங்கள் கட்டுரைகளை அனுப்புங்கள்" என்று கேட்டால் விஞ்ஞானி அனுப்புவதோ மூன்றாவதை, ஏனென்றால் கையில் இருப்பது அதுதான். ஏற்கப்பட்ட வேர்டு கோப்பு முனைவர் பட்ட மாணவரின் மடிக்கணினியில் இருந்தது, அவர் இப்போது கொரியாவில் இருக்கிறார். எனவே கேட்க வேண்டிய நாள் ஒன்றே ஒன்று: கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று இதழ் சொல்லும் ஏற்பு மின்னஞ்சல் வந்த நாள். அன்று கோப்பு எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்தால் தேட வேண்டும், ஓராண்டு கழித்தால் கிடைக்காது.

உரிமையைப் பார்க்க வழி உண்டு. பிரிட்டனில் கல்வி நிறுவனங்களுக்கான கணினிச் சேவை அமைப்பான ஜிஸ்க் நடத்தும், முன்பு ஷெர்பா ரோமியோ என்று அறியப்பட்ட தளத்தில் இதழுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ இட்டால் எந்தப் படிக்கு எத்தனை மாதத் தடை என்று காட்டும். மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. தன் உரிமைக் குறிப்புடன் ஏற்கப்பட்ட படியை நிறுவன சர்வரில் வைக்க விடுகிறது. ஸ்பிரிங்கர் சந்தா இதழ்களுக்கு வழக்கமாக 12 மாதம். எல்செவியர் இதழுக்கு இதழ் வேறுபடும், பலவற்றுக்கு 12 முதல் 24 மாதம். தடை இருக்கிறதே என்று பதிவையே தள்ளிப்போடுவது நாங்கள் காணும் மிகப் பொதுவான தவறு. கோப்பை அன்றே ஏற்றி, தடை முடியும் தேதியைப் படிவத்தில் அதற்கான புலத்தில் இட்டுவிட்டால் மென்பொருள் அந்த நாளில் தானே திறந்துவிடும். அதுவரை ஈபிரிண்ட்ஸ், டிஸ்பேஸ் என்ற இரு களஞ்சிய மென்பொருள்களிலும் உள்ள 'படி கேட்க' பொத்தானை இயக்கி வையுங்கள். வாசகர் அழுத்தினால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போகும், அவர் விரும்பினால் ஒரு சொடுக்கில் அனுப்பிவிடலாம். இந்தப் பொத்தான் இருந்தும் மின்னஞ்சல் சர்வர் அமைக்கப்படாததால் கோரிக்கைகள் எங்கும் போய்ச் சேராத தளங்கள் உண்டு. வாரம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

ஒரு கட்டுரையைப் பதிவேற்றப் பத்து நிமிடம் ஆகும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்து, அந்த எண்களின் பதிவகமான கிராஸ்ரெஃபிலிருந்து விவரங்களை இழுத்தால் இன்னும் குறையும். ஆண்டுக்கு 300 கட்டுரை வெளியிடும் ஆய்வகத்துக்கு மொத்தம் 50 மணி நேரம். கூடுதல் நேரம் தின்பது கோப்புக்காக ஆசிரியரைத் துரத்துவதுதான்.

இனிக் கணினிப் பிரிவுக்கு. களஞ்சியம் இருக்கிறது, கட்டுரையும் இருக்கிறது, கூகுளில் மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பின்வருவனவற்றுள் ஒன்று.

டிஸ்பேஸை நிறுவியவர் முன்னிருப்பு அமைப்புகளை மாற்றாமல் விட்டிருப்பார். உங்கள் பதிவு ஒன்றின் ஹேண்டில் முகவரியை, அதாவது தளம் மாறினாலும் மாறாமல் இருக்க வேண்டிய இணைப்பை, பாருங்கள். 123456789 என்று தொடங்கினால் அது நிரந்தர அடையாளமே அல்ல, மென்பொருளோடு வரும் மாதிரி எண். அந்த எண்ணோடு நாட்டில் எத்தனை களஞ்சியங்கள் ஓடுகின்றன என்று எண்ணப் புகுந்தால் மனம் சோர்ந்துபோகும். அந்த முகவரியின் தொடக்கத்தில் வரும் எண்ணான முன்னொட்டைச் சொந்தமாக வாங்க ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். வாங்கியபின் எல்லாப் பதிவுகளையும் மாற்ற டிஸ்பேஸிலேயே கட்டளை இருக்கிறது. பழைய முகவரிகளை வெப் சர்வரில் புதியவற்றுக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள். நிறுவனங்களை இணைப்பதும் பெயர் மாற்றுவதும் நம் நாட்டில் சகஜம். டொமைன் மாறும் நாளில் மேற்கோள்கள் எல்லாம் அறுந்துபோகாமல் காப்பது இந்த முன்னொட்டு மட்டுமே.

அடுத்து அறுவடை. மற்ற தளங்கள் உங்கள் மெட்டாடேட்டாவை (தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை) எடுத்துக்கொள்வது ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்ற பொது நெறிமுறை வழியாக. அதன் பதிவு அடையாளத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல் தெரிந்தால், அமைப்புக் கோப்பில் சர்வரின் உண்மையான பெயரை யாரும் எழுதவில்லை என்று பொருள். பதிவுகள் இருந்தும் அறுவடைப் பட்டியல் பழையதாகவே நின்றால், டிஸ்பேஸின் ஓ.ஏ.ஐ. இறக்குமதிக் கட்டளை இரவுதோறும் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் போடப்படவில்லை. ஒரு வரிச் சேர்க்கை, அவ்வளவே.

மூன்றாவது, ஃபயர்வால். பாதுகாப்பு என்ற பேரில் வெளிநாட்டு ஐ.பி.க்களை மொத்தமாக அடைத்துவிட்டால் கூகுளின் தேடுநிரலும் வெளியே நின்றுவிடும், அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. உள்ளூரில் தளம் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் நிரல்கள் களஞ்சியங்களை மொய்ப்பதால் சர்வர் திணறுவது உண்மைதான். அதற்கு எல்லா நிரல்களையும் தடுப்பது மருந்தல்ல. ஸ்காலரின் நிரலுக்கு வழிவிட்டு, மற்றவற்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்று வரம்பு வையுங்கள். தேடல், வடிகட்டல் பக்கங்களை மட்டும், நிரல்கள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை செய்யுங்கள், சுமை பெரும்பாலும் அங்கேதான்.

டிஸ்பேஸ் 6-க்கான ஆதரவு 2023-இல் முடிந்துவிட்டது. இன்னும் 5-லும் 6-லும் இருப்பவர்கள் பாதுகாப்புத் தணிக்கையில் தோற்கிறார்கள், தளம் 'பராமரிப்பில் உள்ளது' என்ற பலகையோடு மாதக்கணக்கில் மூடிக்கிடக்கிறது. 7-க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ போவது சும்மா அப்டேட் அல்ல. பழைய இரு முகப்புகளும் நீக்கப்பட்டு ஆங்குலர் என்ற வலைநிரல் சட்டகத்தில் புதிய முகப்பு வந்துள்ளது. நீங்கள் செய்த வடிவ மாற்றம் எதுவும் கூடவராது, நினைவகமும் கூடுதலாகத் தேவை. 8 ஜி.பி.க்குக் குறைந்த சர்வரில் முயல வேண்டாம், 16 இருந்தால் நிம்மதி. முக்கியமாக, பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கி அனுப்பும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றுபோனால் மனிதருக்குத் தளம் சரியாகத் தெரியும், தேடுநிரலுக்கு வெற்றுப் பக்கம் போகும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒரு பதிவைத் திறங்கள். தலைப்பு தெரிந்தால் சரி.

காப்புப்படி பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்பேஸ் கோப்புகளை வெறும் எண்களாலான பெயரில் சேமிக்கிறது. எந்த எண் எந்தக் கட்டுரை என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். கோப்புறையை மட்டும் பேக்கப் எடுத்து, தரவுத்தளத்தை விட்டுவிட்டால் வட்டு பழுதாகும் நாளில் பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள்தான் மிஞ்சும். இரண்டையும் ஒரே இரவில் எடுத்து, வேறு கட்டடத்தில் ஒரு படி வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள்.

பழைய வெளியீடுகள்தான் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி, அங்கேதான் சொத்தும் இருக்கிறது. 1947-இல் தொடங்கி, 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மைய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் பழைய அறிக்கைகளை ஸ்கேன் செய்து தன் ஈபிரிண்ட்ஸ் தளத்தில் திறந்து வைத்துள்ளது. கொடைக்கானல் வானாய்வகத்தின் பழைய அறிவிதழ்கள் இந்திய வானியற்பியல் மையத்தின் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. இவற்றைப் பார்த்து நீங்களும் தொடங்கினால் சில கணக்குகள் தெரிந்திருக்கட்டும். எழுத்துக்கு 300 டி.பி.ஐ. போதும், 600 வைத்து வண்ணத்தில் எடுத்தால் பத்துப் பக்கக் கட்டுரை 40 எம்.பி. ஆகிவிடும். ஸ்காலர் 5 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்புகளைச் சேர்ப்பதில்லை. மூலப் படத்தைத் தனியே பாதுகாத்து, பொதுமக்களுக்குச் சுருக்கிய பி.டி.எஃப். கொடுங்கள். ஒரு தொகுதியை ஒரே கோப்பாக ஏற்றாமல் கட்டுரை கட்டுரையாகப் பிரியுங்கள். ஸ்கேன் செய்ததோடு நிறுத்திவிட்டால் அது வெறும் புகைப்படம், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியை (ஓ.சி.ஆர்.) ஓட்டினால்தான் தேடலில் வரும். டெசராக்ட் என்ற எழுத்துணரி இலவசம், தமிழும் படிக்கும்.

தமிழ்நாட்டிலுள்ள வேளாண், மீன்வள நிறுவனங்கள் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் தமிழில் கையேடுகள் அச்சிடுகின்றன. அவற்றில் பல பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்டவை. திரையில் 'இறால்' என்று தெரியும், கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். இறால் என்று தேடுபவருக்கு அந்தக் கையேடு என்றைக்கும் கிடைக்காது. அச்சகத்தின் மூலக் கோப்பு இருந்தால் எழுத்துரு மாற்றியால் யூனிகோடாக்கி மீண்டும் பி.டி.எஃப். எடுங்கள். பி.டி.எஃப். மட்டுமே இருந்தால் எழுத்துணரியை ஓட்ட வேண்டும். அங்கே ஒரு பொறி: ஓ.சி.ஆர்.மை.பி.டி.எஃப். கருவி, 'ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று அந்தப் பக்கங்களைத் தொட மறுக்கும். இருக்கும் எழுத்து குப்பை என்று அதற்குத் தெரியாது. கட்டாயமாக ஓட்டும் தேர்வைக் கொடுக்க வேண்டும். தலைப்பை யூனிகோடு தமிழில் இடுங்கள், ஆங்கிலப் பெயர்ப்பை மாற்றுத் தலைப்புப் புலத்தில் வையுங்கள். ஒலிபெயர்ப்பாக மட்டும் இடுவதால் யாருக்கும் பயனில்லை.

இவ்வளவுக்கும் ஆள் வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வரும் பயிற்சியாளர் கடவுச்சொல்லோடு போய்விடுகிறார். நிரந்தரப் பணியில் உள்ள ஒருவரின் பெயர் ஆணையில் இருக்கட்டும், அவருடைய வேலை நேரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் இதற்கென்று எழுதப்படட்டும். சர்வர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மென்பொருள் மேம்படுத்தல், பாதுகாப்புத் தணிக்கைத் திருத்தம் இரண்டும் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். வன்பொருளுக்கு மட்டும் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்துவதே வழக்கமாகிவிட்டது.

விஞ்ஞானிகள் ஏன் தருவதில்லை என்ற கேள்விக்கும் விடை தெரிந்ததே. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எதுவும் மாறுவதில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2008-இல் ஓர்பி என்ற களஞ்சியத்தைத் தொடங்கி, மதிப்பீட்டுக்கு அதிலுள்ள பட்டியலை மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்றது. அறிவுரையால் வராத கோப்புகள் வந்து குவிந்தன. இதற்குப் புதுச் சட்டமோ அமைச்சக அனுமதியோ தேவையில்லை. இயக்குநரின் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். வாசகத்தையும் தந்துவிடுகிறோம்:

"இதழின் ஏற்பு மின்னஞ்சல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள், ஏற்கப்பட்ட இறுதிக் கோப்பையும் அந்த மின்னஞ்சலையும் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். தடைக்காலம், உரிமை ஆகியவற்றை நூலகம் பார்த்துக்கொள்ளும். அடுத்த மதிப்பீட்டு ஆண்டு முதல் பதவி உயர்வுப் படிவத்துக்கான வெளியீட்டுப் பட்டியல் களஞ்சியத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும்."

இப்படிக்கு,
களஞ்சியங்களைப் பராமரிக்கும் நூலகர்களும் கணினிப் பணியாளர்களும்