புரவிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

மண்பாண்டம் வனையும் வேளார் ஐயாமார்களுக்கும், கண்மாயில் மண் வெட்டியவர்களுக்கும், உமி புடைத்துத் தந்த அப்பத்தாமார்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் வணக்கம்.

அய்யனாருக்கு நேர்ந்து இந்த ஆண்டு எடுத்த ஏழடிப் புரவிகள், அதாவது சுடுமண் குதிரைகள், இரண்டும் கீறல் இல்லாமல் கோயில் வாசலில் நிற்கின்றன. அதற்கு யார் யார் என்னென்ன வேலை பார்த்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

கண்மாய் வற்றிய பங்குனியிலேயே மண் வெட்டியவர்களுக்கு முதல் நன்றி. 2024-ல் மண்பாண்டத் தொழிலுக்கான மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று அரசு எளிதாக்கியது. மனு எழுதி அலைந்து அந்த அனுமதியை வாங்கி வந்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வெட்டிய மண்ணை அப்படியே ஊறப்போடாமல் வெயிலில் காயவைத்து உடைத்தார்கள். நன்றாகக் காய்ந்த கட்டிதான் தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று கரையும். பாதி ஈரத்தோடு போட்டால் நடுவில் கல் மாதிரி கட்டி நிற்கும்.

மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லான சுக்கான்கல்லைப் பொறுக்கிய பெண்களின் பொறுமைக்கு ஈடு கிடையாது. கடுகளவு சுக்கான்கல் மண்ணில் தங்கிவிட்டாலும் சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். குதிரை கோயில் போய் நின்ற பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேல்தோலைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எறியும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. சலித்த மண்ணையும் மறுபடி கையால் தடவிப் பார்த்தார்களே, அந்தக் கைகளுக்குத் தனி நன்றி.

பக்குவம் முழுக்க வேளார் ஐயாமார்களுடையது. உடம்புக்கு மூன்று கூடை களிமண்ணுக்கு ஒரு கூடை ஆற்றுமணல், ஒரு கூடை உமி. காலுக்கு உமியைப் பாதியாகக் குறைத்தார்கள். உமி எரிந்து போன இடம் நுண்துளையாகி ஆவிக்கு வழிவிடும், எடையும் குறையும்; ஆனால் பாரம் தாங்க வேண்டிய காலில் துளை மிகுந்தால் நொறுங்கிவிடும். பழைய குதிரைகளின் உடைந்த ஓட்டை இடித்துச் சலித்து இரண்டு கை சேர்த்ததற்கும் காரணம் உண்டு. ஒருமுறை வெந்த மண் மறுபடி சுருங்காது, புது மண்ணின் சுருக்கத்தையும் அது பிடித்து நிறுத்தும். போன தலைமுறைக் குதிரை இந்தத் தலைமுறைக் குதிரைக்குள் இருக்கிறது என்பதில் ஊருக்கே ஒரு நிறைவு.

சக்கரத்தில் வனைந்த உருளைகளை அடுக்கிக் கால்கள் நான்கையும் நிறுத்தி, அவற்றின் மேல் மண்திரியைச் சுற்றிச் சுற்றி வயிற்றை எழுப்பினார்கள். உள்ளே ஒரு கை உருண்டைக் கல்லைப் பிடித்திருக்க, வெளியே மறுகை பலகையால் தட்டியபடியே இருந்தது. சுவர் எங்கும் ஓர் அங்குலம். தடிப்பு ஓரிடத்தில் கூடினால் அங்கே ஈரம் உள்ளுக்குள் தங்கி, தீயில் வெடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் எழுப்ப அவர்கள் விடவில்லை. அடிப்பகுதி இறுகாமல் மேலே பாரம் ஏற்றினால் வயிறு தொங்கிவிடும். விட்ட விளிம்பை ஈரச்சாக்கால் மூடி வைத்தால்தான் மறுநாள் வைக்கும் திரி அதோடு ஒட்டும். காலும் வயிறும் சேரும் இடம்தான் எப்போதும் விரிசல் விடும். அந்த இடத்தைக் காற்றுப்படாமல் சாக்கும் வைக்கோலும் கொண்டு மூடிக் காத்த பையன்களுக்கு நன்றி. இருபது நாள் நிழலில் காய்ந்தது. வயிற்றின் அடியில் ஒரு கைநுழையும் துளை விட்டார்கள், ஆவி போக.

முகம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிதுங்கிய கண், விரிந்த நாசி, பல் தெரியத் திறந்த வாய், நெற்றிச்சுட்டி, கழுத்தில் சலங்கை வரிசை. எதற்கும் அச்சு இல்லை, வரைபடமும் இல்லை. ஒரே நாளில் ஒரே கை செய்த இரண்டு முகங்களில் ஒன்று சீறுகிறது, மற்றது உற்றுக் கேட்கிறது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகிழ்ந்தோம். அந்த மரியாதைக்கு உரிய கைகள் நம் தெருவிலும் இருக்கின்றன.

சூளைக்கு வறட்டியும் தென்னைமட்டையும் வைக்கோலும் தந்த வீடுகள் பல. முதல் ஆறு மணி நேரம் வெறும் புகைதான் போட்டார்கள். வெள்ளையாக ஆவி வருவது நின்ற பிறகே தீயை ஏற்றினார்கள். அவசரப்பட்டவர்களைத் தடுத்து நிறுத்திய பெரியவருக்குப் பெரிய கும்பிடு. அணைந்த பிறகும் ஒன்றரை நாள் சூளையைப் பிரிக்கவில்லை; சூட்டோடு குளிர்காற்றுப் பட்டால் கழுத்து நெடுக விரிசல் ஓடிவிடும். பிரித்ததும் விரலால் சுண்டிப் பார்த்தோம். கணீரென்றது.

தூக்கியவர்களுக்கு: வயிற்றுக்கு அடியில் வைக்கோல்பிரி சுற்றி, மூங்கில் கட்டி, நான்கு மூலையும் ஒரே நேரத்தில் எழுப்பியதால் கால் தப்பியது. வாலையோ கழுத்தையோ யாரும் தொடவில்லை.

எனாமல் வேண்டாம், சுண்ணாம்பும் காவியும் போதும் என்று ஒத்துக்கொண்ட இளைஞர்களுக்கும் நன்றி. எனாமல் துளைகளை அடைத்துவிடும். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போனால் பூச்சு மேல்தோலோடு உரிந்து வரும்.

மண்ணிலேயே செய்வோம் என்று கூட்டத்தில் கைதூக்கியவர்களை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். குளமங்கலம் அய்யனார் கோயிலின் 33 அடிக் குதிரை மாசி மகத்தில் காகிதப்பூ மாலைக்குள் மறைவதைப் பார்த்துச் சிலிர்க்காதவர் இல்லை. ஆனால் நம் கோயிலில் சிமெண்டுக் குதிரை ஒன்று நின்றுவிட்டால் வேளார் வீட்டுக்கு அடுத்த பிடிமண் (குதிரை செய்யச் சொல்லி ஊர் கொடுக்கும் கைப்பிடி மண்) போகாது. பிடிமண் போகாத வீட்டில் இந்தப் பக்குவத்தைப் பிள்ளைகள் எதற்குக் கற்றுக்கொள்வார்கள்? நமணசமுத்திரத்தில் பாதையின் இருபுறமும் காலொடிந்தும் தலைசாய்ந்தும் நிற்கும் பழங்குதிரைகளைப் போல நம்முடையதும் மெல்ல மண்ணாகட்டும். அவற்றை அப்புறப்படுத்தாமல் விட்டுவைத்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

குதிரையின் விலாவில் ‘உபயம்’ என்று கொடுத்தவர் பெயர் எழுதுவது வழக்கம். செய்தவர் பெயர் எங்கும் இருக்காது. இந்த முறை ஈரமண்ணிலேயே, சேணத்துக்குக் கீழே, செய்த நால்வரின் பெயரையும் கீறி வைக்கச் சம்மதித்தார்கள். மடலில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கோயிலுக்கு வருபவர்கள் குனிந்து படித்துக்கொள்ளுங்கள்.

பிசைந்த மண் பத்துக் கூடை மீதி இருக்கிறது. ஈரச்சாக்கு போட்டு, சூளைக்குப் பின்னால் மூடி வைத்திருக்கிறோம். பக்கத்து ஊரில் இந்த ஆண்டு புரவி எடுப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வேளார் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

இப்படிக்கு,
புரவி எடுப்புக் குழுவினர்
புதுக்கோட்டை மாவட்டம்