மறுக்க இடம் தரும் கருத்து

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆங்கில இலக்கிய அறிமுக வகுப்பின் பாடத்திட்டத்தை நிதானமாகப் படித்தேன். படிக்க வேண்டிய நூல்களை நீயே விரும்பிப் படிப்பாய் என்பதால், எப்படி எழுத வேண்டும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் பக்கங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மதிப்பீட்டு அட்டவணையில் மையக் கருத்துக்கே, அதாவது கட்டுரையில் நீ நிறுவ முனையும் வாதத்துக்கே, முதலிடம் தந்திருக்கிறார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன். 'இக்கதை தனிமையைப் பற்றியது' என்று எழுதினால் எவரும் மறுக்கப் போவதில்லை, மறுக்கப்படாத ஒன்றை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. 'கதைசொல்லி தன் தனிமையை மறைக்க முயலும் இடங்களில்தான் அது மிகுதியாக வெளிப்படுகிறது. அங்கெல்லாம் வாக்கியங்கள் சட்டெனச் சுருங்கிவிடுகின்றன' என்று எழுதிப் பார். வேறுவிதமாகப் படித்தவர் உன்னோடு வாதிட இடமிருக்கிறது, உனக்கும் சான்று காட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது. முதலாண்டு மாணவர்கள் பலர் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு அதையே ஆய்வு என்று நம்பிவிடுகிறார்கள். ஆசிரியர் கதையை முன்பே படித்தவர். நீ அதை எப்படிப் படித்தாய் என்பதையே அவர் அறிய விரும்புகிறார்.

மேற்கோள் காட்டும்போது, அந்த வரியின் எந்தச் சொல், எந்த உருவகம் உன் வாதத்துக்குத் துணைநிற்கிறது என்பதை உடனே விளக்கிவிடு. மேற்கோளோடு பத்தியை முடித்தால், நீ செய்ய வேண்டிய வேலையை வாசகரிடம் விட்டுவிட்டதாகும். கதைக்குள் நடப்பவற்றை நிகழ்காலத்தில் எழுதுவதே ஆங்கிலக் கட்டுரை மரபு. கட்டுரை வடிவத்துக்கு எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம், Modern Language Association) வகுத்த முறையைக் கேட்டிருப்பதால், நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடையையும் மூன்று வரிக்கு மேற்பட்ட கவிதையையும் தனிப் பத்தியாக, இடப்புறம் அரை அங்குலம் உள்தள்ளி, மேற்கோள் குறியின்றித் தர வேண்டும். ஓரங்களில் ஓர் அங்குல இடமும் வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளியும் விட வேண்டும். இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியவற்றில் மதிப்பெண்ணை இழக்காதே.

முதல் வரைவுக்கும் திருத்திய வடிவத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் வைத்திருப்பதுதான் இப்பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். எழுத்துப் பிழைகளை நீக்குவது கடைசிக் கட்ட வேலை. திருத்துவது என்றால், மூன்றாம் பத்தியில்தான் உன் உண்மையான வாதம் தொடங்குகிறது என்று கண்டதும், முன்னிரண்டு பத்திகளையும் வருத்தமின்றி நீக்கிவிட்டு அங்கிருந்து மீண்டும் எழுதுவதாகும். அதற்கு நாள்கள் தேவை. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் தொடங்கினால் அது நடக்காது. நேரம் போதாத அந்த நிலையில்தான் பிறர் எழுதியதையோ மென்பொருள் எழுதித் தந்ததையோ தன்னுடையதாகக் காட்டும் எண்ணமும் சிலருக்கு வருகிறது. அதற்கான தண்டனையைப் பாடத்திட்டத்திலேயே படித்திருப்பாய். வரைவு முடிந்ததும் ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில், தெளிவான ஒரு கேள்வியோடு போய்ப் பார்.

முதல் கட்டுரைக்கு மையக் கருத்து உருவானதும் அதை எனக்கு எழுதி அனுப்பு. நான் அதைத் திருத்தித் தர மாட்டேன். என்னால் முடிந்தவரை மறுத்துப் பதில் எழுதுவேன். நீ அந்தக் கதையிலிருந்தே சான்று காட்டி எனக்கு விடை எழுது.

அன்புடன்,
அம்மா