ஒற்றை ஃபார்வர்டை நம்பும் பள்ளி அணிகள்: கொங்கு மண்டலப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

குறுவட்டப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துவரும் ரசிகன் நான்; பயிற்சிச் சான்றிதழ் ஏதும் பெற்றவன் அல்லன். என் மனக்குறை ஒன்றுதான். பதினான்கு வயதுக்குட்பட்ட அணிகளில்கூட உயரமான பையன் ஒருவனை மட்டும் முன்னே நிறுத்திவிட்டு, மற்றவர்களைக் கோலுக்கு முன் குவித்து, பந்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருக்கிறோம். கடந்த ஆடியில் ஓர் ஆட்டத்தில் எண்ணிப் பார்த்தேன்: முதல் பாதியில், முன்னே நிற்கும் அந்த ஃபார்வர்டு பந்தைத் தொட்டது நான்கே முறை. அவற்றுள் இரண்டு, நடுவட்டத்தில் ஆட்டத்தைத் தொடங்க உதைத்தவை. இரண்டாவது, கோல் வாங்கிய பிறகு.

ஆடியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னைகளை வளைத்துக்கொண்டிருக்கும் மாதத்தில்தான் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தூக்கி அடித்த பந்து எதிர்க்காற்றில் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. காற்றோடு போனால் நேரே கோல்கீப்பர் கைக்குப் போய்விடுகிறது.

இதை 4-2-3-1 (கோல்கீப்பருக்கு முன் நால்வர், அடுத்து இருவர், பிறகு மூவர், முன்னே ஒருவர்) என்று நீங்கள் சொல்லலாம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அணிகளில், ஒற்றை ஃபார்வர்டு பந்தை நிறுத்தி வைக்கும் சில நொடிகளுக்குள் பின்னாலிருக்கும் மூவரும் ஓடிவந்து சேர்ந்துவிடுவார்கள். நம் அணிகளில் அந்த மூவரும் தற்காப்பில் மாட்டிக்கொள்வதால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் களத்தில் நடப்பது 4-5-1தான்.

பதினான்கு வயது வரையிலாவது இரண்டு ஃபார்வர்டுகளோடு 4-4-2 ஆடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒருவன் பந்தைக் கேட்டுக் கீழே இறங்கும்போது எதிரணி ஸ்டாப்பர் (நடுவில் நின்று தடுப்பவர்) ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும்: கூடவே வந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் இடம் திறக்கும், மற்றவன் அங்கே ஓடலாம், வராமல் நின்றால், இறங்கியவன் திரும்பிக் கோலைப் பார்க்க நேரம் கிடைக்கும். 2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்துப் பட்டத்தை வென்றதில் இந்த எளிய கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் இரு ஃபார்வர்டுகளில் ஒகாசாகி இறங்கி உழைத்தார். வார்டி ஓடி 24 கோல் அடித்தார்.

நடுக்களத்தில் ஓர் ஆள் குறையும் என்பது நியாயமான மறுப்பு. மூவரை வைத்து ஆடும் அணியிடம் சில ஆட்டங்களில் தோற்கவும் நேரும். ஆனால் குறுவட்டக் கோப்பைக்காக ஒரு பையனின் இரண்டு ஆண்டுகளைச் செலவழிப்பது எனக்குக் கூடுதல் விலையாகத் தெரிகிறது. இந்தியாவுக்காக 94 கோல்கள் அடித்து 2024 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஃபார்வர்டு சுனில் சேத்ரியை அடுத்த மார்ச்சிலேயே, நாற்பது வயதில், இந்திய அணி திரும்ப அழைக்க நேர்ந்தது. அந்த ஃபார்வர்டு பஞ்சம் தேசிய முகாமில் தொடங்கியதென்று நான் நம்பவில்லை; பள்ளிக் களத்திலேயே தொடங்குகிறது என்பேன்.

நம் ஊரிலேயே நல்ல பாடம் கிடைத்தது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி தொடக்கத்திலேயே கோல் வாங்கி, பின்பு மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, இந்திய அளவிலான ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து ஆடிய நெஸ்டர் கோர்டில்லோவைப் பற்றி (என் தேநீர்க்கடை நண்பர்கள் உட்பட) யாரும் பேசுவதில்லை.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். இடைவேளையில் இரு ஃபார்வர்டுகளின் வேலையையும் மாற்றிக் கொடுங்கள். முதுகில் ஒருவன் ஒட்டி நிற்கும்போது பந்தை வாங்கித் திரும்பும் பயிற்சிக்கு நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு இரண்டு பையன்களும் ஒரு பந்தும் போதும்.

வரும் ஆடியிலும் கோட்டோரம் நிற்பேன், தொடுகைகளை எண்ணுவேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வட்டத்துக் கால்பந்து ரசிகன்